திங்கள், புதன், வெள்ளி

திங்கள், புதன், வெள்ளி
பின்னேரம் ஐந்து தொடக்கம் ஏழு வரை
நான் றெஜினோல்ட்.
மற்ற நேரங்களில் மல்லாவிச் சந்தியில்
தண்ணீர்ப் பம்பி திருத்துகிறவன்.

தோற்ற சண்டையின் வீடியோவைக் கலாமதி ரீச்சர்
என் போனுக்கு அனுப்பியிருந்தா.
இரண்டாம் சுற்று, ஒரு நிமிடம் பதினொரு வினாடி.
வலது தோள் கொஞ்சம் இறங்கும்,
அது பொய்.
பிறகு இடதுகை, வளைந்து,
கதவுக்குப் பின்னால் நின்றவன் வெளியே வருவது போல.
நூற்று நான்கு கிலோ சரிவதை
நூறு தரத்துக்கு மேல் பார்த்துவிட்டேன்.
இப்போது சத்தத்தை நிறுத்தித்தான் பார்ப்பது.
அவன் விழ முதலே சனம் கத்தத் தொடங்குகிறது.

கோகுலதாசன் அரிசி ஆலையில் மூட்டை ஏற்றுகிறவன்.
தோற்று வந்த அடுத்த கிழமை
ஒரே முதுகில் இரண்டு ஏற்றினான்.
ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
முதலாளி மட்டும்,
"முறிஞ்சால் நான் பொறுப்பில்லை" என்றார்.

பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்தார்.
பதுங்குகுழி பற்றிக் கேட்டார்,
சின்ன வயதில் விழுந்த செல் பற்றி,
அதனால்தானா கண் மூடுகிறது என்று.
கோகுலன் வாழைப்பழத்தை உரித்து, தின்று முடித்து,
"அது வேற. இது றெஜினோல்ட்டின்ர இடதுகை" என்றான்.
பத்திரிகையில் அது வரவில்லை.

கண் மூடுவதுதான் பிரச்சினை.
தாடை மார்கழியிலேயே ஆறிவிட்டது,
ஆட்டெலும்பையும் கடிக்கிறான்.
ஆனால் என் வலது தோள் இறங்கவே
அவன் இமை விழுகிறது,
கடை பூட்டுகிற தகரம் போல.
அடி இன்னும் புறப்படவே இல்லை.
மனசைத் திடமா வைச்சிரு என்கிறார்கள் சந்தியில்.
இமைக்கு ஆர் சொல்லுறது?

சில இரவுகளில் போன் எடுப்பான்.
"அவன் இப்ப நித்திரையா?"
நான் றெஜினோல்டாக யோசித்துப் பார்த்து,
"ஓம், நல்ல நித்திரை" என்பேன்.
ஒரு நாள் மாற்றி,
"இல்லை, அவனும் முழிப்பு" என்றேன்.
நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.
வவுனிக்குளத்துப் பக்கம் தவளைச் சத்தம் கேட்டது,
குளக்கட்டில் நின்றுதான் கதைத்திருக்கிறான்.

மாசியில் இமை விழாமல் நின்றது.
பழைய பசளைக் களஞ்சியத்துச் சுவரில்
விழாத ஒவ்வொரு இமைக்கும்
ரீச்சர் சோக்கால் ஒரு கோடு இழுத்தா.
யூரியா மணத்துக்குள் அவன் பகிடியும் விட்டான்.
கோடுகள் யன்னல் வரைக்கும் போயிற்று.

நான் சொல்லாதது இதுதான்:
தையிலிருந்து என் கை
அரை அங்குலம் முன்னே நின்றுவிடுகிறது.
வேண்டுமென்று இல்லை.
அவன் மகள் கயிற்றுக்கு வெளியே குந்தியிருந்து
பின்னக் கணக்குச் செய்வாள், அதாக இருக்கலாம்.
இல்லாவிட்டால் கைக்கும் ஓர் இமை இருக்கிறது.

ஒன்பது நாள் இருக்க ரீச்சர் கேட்டா:
"ஆள் சரியா?"
வாசலில் ஒரு டிராக்டர் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தது.
அந்தச் சத்தம் குறையுமட்டும் எனக்கு நேரம் இருந்தது.
"தெரியாது ரீச்சர். நான் இன்னும் அவனுக்கு அடிக்கேல்லை."
அவ என் முகத்தைப் பார்க்கவில்லை.
மகளைக் கூப்பிட்டுத் தண்ணீர் வாங்கக் கடைக்கு அனுப்பினா.

தோளை இறக்கினேன்.
பிறகு முழுதாகக் கொடுத்தேன்.

நிலத்தில் இருந்தான், தலைக்காப்பு ஒருபக்கம் திரும்பி.
இமை விழவில்லை, நான் பார்த்தேன்,
திறந்த கண்ணோடுதான் விழுந்தான்.
ரீச்சர் எண்ணினா, உரத்து, ஆறு மட்டும்.
ஏழில் எழும்பிப் பல்லுக்காப்பைத் துப்பிவிட்டு
"அவன் இவ்வளவு பலமா அடிக்கேல்லை" என்றான்.

உண்மையோ, எனக்காகச் சொன்னதோ,
ஒன்பது நாளில் தெரியும்.
தெரியாமலும் போகலாம்.
இதற்குக் கோடு போடுவதா விடுவதா என்று
சோக்கோடு நிற்கிறா ரீச்சர்.
மகள் சோடாவோடு வந்துவிட்டாள், தண்ணீர் முடிஞ்சுதாம்.
அவன் பாதி குடித்து மீதியை என்னிடம் நீட்டுகிறான்.
இடதுகை நடுங்குகிறது.
வலதால் வாங்குகிறேன்.